நபியின் பெயரால் விற்கப்படும் வயிற்றுப்புண் மருந்து



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால், அத்தர், தொப்பி, மிஸ்வாக் விற்கும் மேசையில் கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். சளி, சர்க்கரை, மூட்டுவலி, வயிற்றுப்புண் என யாவற்றுக்கும் இதுவே மருந்து என்று அதில் அச்சிட்டிருக்கும். மேலே 'நபி மருத்துவம்' என்ற சொல். அச்சொல்லைக் கண்டபின் யார் கேள்வி கேட்பார்?

நம் மதரஸா மாணவர் ஒருவரின் வாப்பா கேட்கவில்லை. மூட்டுவலிக்கு நெடுநாள் மாத்திரை விழுங்கி வயிற்றில் புண் கண்டவர் அவர். புண்ணுக்கு மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெயைக் குடித்தார். வலி மாத்திரையை மட்டும் விடவில்லை. மலம் தார்போல் கறுத்ததைக் கருஞ்சீரகத்தின் நிறம் என்று எண்ணிக்கொண்டார். இரத்தமாக வாந்தியெடுத்த இரவில்தான் வீட்டார் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். விற்றவரிடம் நாம் சென்று கேட்டோம். "ஹதீஸையே சந்தேகிக்கிறீர்களா ஹஜ்ரத்?" என்றார்.

அந்த ஒரு வாதத்துக்காகவே இதை எழுதுகிறோம். கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் நபிமொழி புகாரியில் உள்ளது; அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும், அதன் சொல் பொதுவானதாக இருப்பினும் ஈரத்தன்மையால் எழும் நோய்களையே அது குறிக்கும் என்றார் இமாம் கத்தாபி. கருஞ்சீரகம் சில வேளை தனித்தும் சில வேளை பிற பொருளோடு கலந்தும் தரப்படும் என்ற விளக்கத்தை இப்னு ஹஜர் ஃபத்ஹுல் பாரியில் எழுதினார். அவர்கள் ஹதீஸைச் சந்தேகித்தவர்களா? புட்டி விற்பவர் அவர்களினும் பெரிய முஹத்திஸா?

சோதனை என்றாலே மேற்கத்தியச் சூழ்ச்சி என்பாரும் நம்மிடையே உளர். இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிக்கும் விதிகளை வகுத்தார். பல நோய் கலந்தவரிடம் அன்றி, ஒரு நோய் மட்டும் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும். விளைவு எப்போதுமோ பெரும்பாலுமோ காணப்பட வேண்டும், இல்லையேல் அது தற்செயல். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்டது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம், ஆகவே மனித உடலிலேயே சோதிக்க வேண்டும். அவர் மறைந்தது 1037 இல்.

வாட்ஸ்அப்பில் 'ஆய்வில் நிரூபணம்' என்று சுற்றுவன பெரும்பாலும் எலிகளிடம் செய்தவை. பட்டினியிட்ட எலிக்கு முதலில் மூலிகைச் சாற்றைக் கொடுப்பர். பின் சாராயமோ இண்டோமெதசினோ கொடுத்து, வயிற்றைத் திறந்து புண்ணை அளப்பர். சாறு முந்திக் கொடுக்கப்படுவதால், அது புண் வராமல் தடுத்ததா என்பதே தெரியும்; வந்த புண்ணை ஆற்றுமா என்பது தெரியாது. மேலும், மனிதரின் வயிற்றுப்புண்ணுக்கு வலி மாத்திரைகளோடு மற்றொரு பெருங்காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. அதைக் கண்டறிந்தமைக்காக வாரன், மார்ஷல் இருவரும் 2005 இல் நோபல் பரிசு பெற்றனர். சாராயம் கொடுத்துப் புண்ணாக்கிய எலியிடம் அக்கிருமியைப் பற்றி என்ன அறிய முடியும்?

மனிதரிடம் செய்த சோதனையும் உண்டு. சவூதி அரேபியாவில் நடந்து 2010 இல் வெளியான ஆய்வில், இக்கிருமி கண்ட 88 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான மூன்று மருந்துச் சிகிச்சை. மற்ற மூன்றுக்கும் நாளுக்கு 1, 2, 3 கிராம் கருஞ்சீரகத் தூள், கூடவே ஓமெப்ரசோல் மாத்திரை. வழக்கமான சிகிச்சையில் 82.6 விழுக்காட்டினருக்குக் கிருமி ஒழிந்தது. 2 கிராம் உண்டவருள் 66.7, 1 கிராமில் 47.6, 3 கிராமில் 47.8. அதாவது, 2 கிராமுக்கு மேல் அளவைக் கூட்டியும் பலன் கூடவில்லை. அவர்கள் தூளை மட்டும் உண்ணவுமில்லை; புண் உள்ளவர்களாகவும் இல்லை, அசீரணத்தோடு வந்தவர்கள். நம்பிக்கை தரும் தொடக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் புட்டியில் இருப்பதோ எண்ணெய்!

மூலிகையையே எள்ளி நகையாடுவாரோடும் நமக்கு உடன்பாடில்லை. அதிமதுரத்தைப் பாருங்கள். அது வயிற்றுப்புண்காரர்களுக்குச் சுகம் தந்ததை 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் கண்டார். சிலருக்கு உடல் வீங்கியதையும் மறைக்காமல் எழுதினார். அதிலிருந்து பிறந்த கார்பெனாக்சலோன் என்னும் மருந்து 1962 இல் பிரிட்டனில் நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது. புண் ஆறியது, உப்பும் நீரும் உடலில் தங்கும் கேடும் தெரிந்தது. நன்மையும் தீமையும் ஒன்றாக வெளிப்பட்டமையால்தான் மருத்துவர்கள் அதை அளந்து கொடுக்க முடிந்தது. பள்ளிவாசல் மேசையில் விற்கும் புட்டியின் தீமையை யார் எழுதி வைத்திருக்கிறார்?

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. எந்தப் புட்டியிலும் அந்த ஹதீஸை ஒட்டக் கண்டதில்லை. நம் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் மேசை போட இடம் கொடுக்குமுன் அதையும் ஒருமுறை படிக்கட்டும்.

மாணவரின் வாப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்து இரத்தக் கசிவை நிறுத்தினர். கிருமியும் இருந்ததால் பதினான்கு நாள் மருந்து கொடுத்தனர். இப்போது நடந்தே தொழுகைக்கு வருகிறார். கருஞ்சீரகத்தையும் விட்டுவிடவில்லை, வீட்டில் சுடும் ரொட்டியில் தூவித் தின்கிறார்.