பி.எஃப் கணக்கில் பெயர் தப்பா? நீங்களே திருத்தலாம்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஏராளம். மகள் கல்யாணத்துக்கு பி.எஃப் பணம் கேட்கும்போதுதான், ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் வேறு பெயர் என்பது தெரியவரும். பணம் கைக்கு வராது.

முன்பு சின்ன பிழைக்கும் கம்பெனி ஒப்புதலுக்காக அலைய வேண்டும். 2025 ஜனவரியில் இது மாறியது. ஆதார் சரிபார்த்த யு.ஏ.என் எண்ணை 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கியவர்கள் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், வேலையில் சேர்ந்த, விலகிய தேதிகளை இணையதளத்தில் தாங்களே திருத்தலாம். அதற்கு முந்தைய எண் என்றால் கம்பெனி வழியாகத்தான்.

ஆதாரிலேயே தப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் பதிந்த செல்போன் கையில் இருக்கட்டும், ஓ.டி.பி அதற்குத்தான் வரும். கல்யாணத் தேதி குறிக்கும் முன்பே கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.