வளையத்தை வாசிப்பவர் யார்?

(பதினோராம் வகுப்பு, இயற்கைக் கழக மாணவியர்)

சத்திமுற்றப் புலவர் மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு நாரையைத் தூது அனுப்பிய பாட்டைத் தமிழ் வகுப்பில் படித்தோம். தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் அந்த நாரை, வழியில் தம் ஊர்க் குளத்தில் இறங்கித் தம் மனைவியிடம் செய்தி சொல்ல வேண்டும் என்பது புலவரின் வேண்டுகோள். எங்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. நாரை குளத்தில் இறங்கினால் மட்டும் போதுமா? கரையில் நின்று அதைப் பார்க்க ஒருவர் வேண்டாமா? வகுப்பில் இதைக் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். தமிழாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி, எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார். எழுதுகிறோம்.

புலவர் பாட்டில் செய்ததை டென்மார்க் நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் உலோகத்தில் செய்தார். மார்டென்சன் என்பது அவர் பெயர். வைபோர்க் என்பது ஊர். 1890-ஆம் ஆண்டு இரண்டு பறவைகளின் காலில் துத்தநாக வளையம் மாட்டிப் பார்த்தார். வளையம் கனமாக இருப்பதைக் கண்டு அம்முயற்சியைக் கைவிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1899-இல், இலேசான அலுமினியத்தில் வளையம் செய்து, எண்ணும் முகவரியும் பொறித்து, 165 பறவைகளுக்கு மாட்டிப் பறக்கவிட்டார். அவை நம் மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகள். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் அந்த வளையத்தைக் கண்டெடுத்துக் கடிதம் எழுதினால், பறவை எங்கே போயிற்று என்பது தெரிந்துவிடும். இன்று உலகம் முழுவதும் நடக்கும் பறவை வளையப் பணி அந்த ஆசிரியரிடமிருந்து தொடங்கியதே.

நம்மைப் போன்ற பெண்பிள்ளைகள் இன்னொருவரையும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்னும் அம்மையார் வாழ்ந்தார். ஐந்து பெண்மக்களைப் பெற்றவர். பேராசிரியர் பதவி எதுவும் வகிக்காதவர். 1928 முதல் தம் வீட்டருகே திரிந்த ஒருவகைச் சிட்டுகளுக்கு வண்ண வளையங்கள் மாட்டினார். வண்ணங்கள் மாறியிருப்பதால், மீண்டும் பிடிக்காமலேயே இது இன்ன பறவை என்று தூரத்திலிருந்து அடையாளம் கண்டுகொள்ளலாம் அல்லவா? வீட்டு வேலைக்கு இடையே பல ஆண்டுகள் அவர் எழுதிவைத்த குறிப்புகள் 1937-இலும் 1943-இலும் இரு பகுதிகளாக நூலாயின. பறவையியலார் இன்றும் அவற்றை மதித்துப் படிக்கின்றனர்.

ஹம்மிங் பறவையைப் பற்றியும் ஒரு செய்தி. (பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியில் தேன் குடிப்பது ஹம்மிங் பறவைதான் என்று இன்னும் வாதாடும் தோழியர் கவனிக்க: அது தேன்சிட்டு. ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. நம் நாட்டில் இல்லை.) செந்நிற ஹம்மிங் பறவையின் எடை நம் ஐந்து ரூபாய் நாணயத்தை விடவும் குறைவு. அத்தகைய பறவை ஒன்றுக்கு 2010 ஜனவரி 13 அன்று ஃபுளோரிடாவிலுள்ள டல்லஹாசி நகரில் வளையம் மாட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் 28 அன்று அலாஸ்காவில் வேறொருவர் வலையில் அது சிக்கியது. இடைப்பட்ட தூரம் 3,500 மைலுக்கும் மேல்! அந்நாட்டில் இப்பணி செய்வோரில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். முறையாகப் பயிற்சி பெற்று அரசின் அனுமதியோடு செய்கிறவர்கள். எங்களைக் கவர்ந்தது தூரம் மட்டுமன்று. ஃபுளோரிடாவில் மாட்டியவர் ஒருவர், அலாஸ்காவில் எண்ணைப் படித்தவர் இன்னொருவர். இரண்டாமவர் இல்லாவிட்டால் முதலாமவரின் உழைப்பு என்னவாகியிருக்கும்?

நம் தமிழ்நாட்டிலும் இப்பணி நெடுங்காலமாக நடந்து வருகிறது. கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார், சாலிம் அலி அவர்களின் வழிகாட்டுதலில், 1960-களிலேயே பறவைகளுக்கு வளையமிட்டனர். பரம்பரையாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்தவர்களின் கைத்திறன் இப்பணிக்குப் பயன்பட்டது என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. கொல்வதற்குக் கற்ற வித்தை, இறகு கசங்காமல் பிடித்து, எடை பார்த்து, இறக்கை அளந்து, வளையமிட்டுத் திரும்பப் பறக்கவிடுவதற்கு உதவிற்று. சைபீரியாவின் பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் நம் கடற்கரைச் சேற்றில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதற்கு அந்தச் சிறு வளையங்கள் சாட்சி கூறின.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு தோழி எதிர்த்தாள். "ஆண்டவர் படைத்தபடி அது பறக்கட்டுமே, காலில் விலங்கு மாட்டுவது பாவமில்லையா?" என்றாள். அவளை எளிதாக மறுத்துவிட எங்களால் முடியவில்லை. மார்டென்சன் முதல் வளையத்தை ஏன் கைவிட்டார்? அவருக்கும் அதே கவலைதான். ஆகவேதான் இவ்வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய அனுமதியின்றிக் காட்டுப் பறவையைப் பிடிப்பதே குற்றம். நாம் வலை விரிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, விரிக்கவும் கூடாது.

நாங்கள் கேட்பது வேறு. வளையம் என்பது ஒரு கடிதம். சிறு பறவைகளில் நூறு வளையமிட்டால் ஒன்றுகூடத் திரும்பக் காணக் கிடைப்பதில்லை. எழுதுகிறவர் வடக்கே எங்கோ இருக்கிறார். பெறுகிறவர் நாம், தாமிரபரணிக் கரையில் வாழும் நாம்! ஆனால் கடிதம் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

கூந்தன்குளத்து மக்கள் பார்க்கிறார்கள். நாங்குநேரி வட்டத்தில் உள்ள அவ்வூர்க் குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி 2022-இல் வந்தது. மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீர் அங்கே எட்டுகிறது. சரணாலயப் பலகை நடுவதற்கு வெகு காலம் முன்பே அவ்வூரார் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக நினைத்தனர். தீபாவளிக்கு அங்கே வெடிச் சத்தம் கிடையாது. வீட்டு முற்றத்து மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். எச்சம் கலந்த வண்டல் மண் வயலுக்கு உரமாகும். அவ்வூரில் பால்பாண்டி என்று ஒருவர் இருந்தார். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வந்து மீன் ஊட்டி வளர்த்து விடுவார். 2021-இல் கொரோனா நோய் அவரைக் கொண்டு போயிற்று. பட்டம் எதுவும் பெறாத அவரிடம், பறவை படிக்க வந்த பெரிய படிப்பாளிகளும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள்.

கூந்தன்குளத்துக்கு வரும் விருந்தாளிகளில் வரித்தலை வாத்து ஒன்று. இமயத்தைக் கடந்து வரும் இதன் பயணத்தில், கருவி பொருத்திய பறவைகள் ஏழாயிரம் மீட்டர் உயரத்துக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. மங்கோலியாவில் இவ்வாத்துகளுக்குக் கழுத்திலே எண் எழுதிய பட்டை மாட்டுகிறார்கள். அப்படிப் பட்டை அணிந்த வாத்துகளைக் கர்நாடகத்து ஏரிகளில் பார்த்தவர்கள் எண்ணைக் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த எண்ணைப் படிக்க வலை வேண்டாம், உரிமம் வேண்டாம். ஒரு பைனாகுலரும், அதிகாலையில் எழும் பழக்கமும், பேசாமல் நிற்கும் பொறுமையும் போதும். (மூன்றாவது எங்களுக்கு வாய்ப்பது அரிது என்று ஆசிரியைகள் சொல்லக்கூடும்.)

விண்கோள் வழியே பின்தொடரும் கருவிகள் வந்துவிட்ட காலத்தில் கண்ணால் பார்ப்பதற்கு என்ன அவசியம் என்று ஓர் அண்ணன் கேட்டார். உண்மைதான். 2021-இல் இலங்கையின் மன்னார் தீவில் கருவி பொருத்திய ஒரு கடற்காகம் வடதுருவக் கரை வரை சென்று அடுத்த குளிர்காலத்தில் திரும்பி வந்ததை வீட்டிலிருந்தே பார்த்தார்களாம். ஆனால் அக்கருவி விலை மிகுந்தது. சில பறவைகளுக்குத்தான் பொருத்த முடியும். ஒரு பறவை எங்கே போயிற்று என்று அது சொல்லும். நம் குளத்துக்கு இந்த ஆண்டு எத்தனை வந்தன, சென்ற ஆண்டைவிடக் குறைந்தனவா என்று அது சொல்லாது. அதைக் கரையில் நின்றுதான் எண்ண வேண்டும்.

அப்படி எண்ணும் வேலை நம் மண்ணில் நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் முன்னின்று, வேறு இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து, 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். ஜனவரியில் தொண்டர்கள் குழு குழுவாகப் பிரிந்து பாசனக் குளங்களுக்குச் சென்று எண்ணுகிறார்கள். கல்லூரி மாணவர், ஆசிரியர், அலுவலர், இல்லத்தரசியர் எல்லாரும் உண்டு.

இந்த ஆண்டு ஜனவரியில் நாங்களும் போக விரும்பினோம். பெயர் கொடுத்தவர் 23 பேர். பெற்றோர் கையொப்பத்துடன் கடிதம் கொண்டு வந்தவர் 9 பேர். அந்த ஒன்பது பேரும், வழிகாட்டி ஒருவரும், எங்கள் விலங்கியல் ஆசிரியையும் நயினார்குளக் கரையில் காலை ஆறரை மணிக்கு நின்றோம். பனி கலைந்து நெல்லையப்பர் கோபுரம் தெரிந்தபோது குளமெல்லாம் கறுப்பும் வெளுப்புமாக அசைந்தது. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணக் கூடாது, பத்துப் பத்தாகக் கண்ணால் கட்டி எண்ண வேண்டும் என்று வழிகாட்டி கற்றுத் தந்தார். நீர்க்காகங்களை முதல் தடவை எண்ணினோம்: 112. இரண்டாம் தடவை 140. மூன்றாம் தடவை 127. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் தோழி அழாத குறைதான்! ஒரு மூலையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்ததையும், காற்று திரும்பியபோது வந்த சாக்கடை வாடையையும்கூடப் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். இன்னொருத்தி நெடுங்கால் உள்ளான்களின் சிவந்த கால்களை ஒவ்வொன்றாகப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டே போனாள். அறுபத்திரண்டு பறவைகள். ஒரு காலிலும் வளையம் இல்லை. "வளையம் காணவில்லை" என்று படிவத்தின் ஓரத்தில் எழுதினாள். இல்லை என்பதைப் பார்த்து எழுதுவதும் வேலைதான். பார்க்காமல் இருப்பதும் அதுவும் ஒன்றாகிவிடாது.

துணி துவைக்க வந்த ஆச்சி ஒருவர் வெகு நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னத்தம்மா எண்ணுதிய?" என்று கேட்டார். சொன்னோம். "நாங்க சின்னப்புள்ளைல இதுக்கு ரெண்டு பங்கு வரும். அப்ப எண்ண ஒருத்தரும் வரலியே" என்றார். அந்தக் காலத்துக் கணக்கு அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது.

வராத 14 பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கு விடியக்காலம் குளத்தங்கரையில் என்ன வேலை?" என்றார் ஒரு தந்தை. "தம்பிய வேணா அனுப்புதேன்" என்றார் இன்னொருவர். தம்பி பறவையை விரும்புகிறவன் அல்லன்! பெற்றோரின் அச்சத்தை நாங்கள் பரிகசிக்கவில்லை. கரையில் மறைவிடம் கிடையாது, குடித்துவிட்டுக் கிடப்பவர்கள் உண்டு என்பதெல்லாம் மெய். ஆனால் கோ-கோ போட்டிக்காக விடிகாலை நாலரை மணிப் பேருந்தில் நாகர்கோவிலுக்கு அனுப்பிய அதே பெற்றோர்தாம் இதற்கு மறுத்தார்கள். அங்கே கோப்பை உண்டு, இங்கே இல்லை. வித்தியாசம் அதுதானோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எரேமியா இறைவாக்கினர் நூலில், பறவைகள் தாம் வந்து போகும் காலத்தை அறிந்திருக்கின்றன என்று வரும் பகுதியை ஞானோபதேச வகுப்பில் படித்தோம். அங்கே கண்டிக்கப்படுவது பறவைகள் அல்ல. அருட்சகோதரியர் இதை எங்களைவிட நன்கு அறிவார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவே. ஆண்டுக்கு ஒரு நாள் காலை, பள்ளி வேனில், இரண்டு ஆசிரியைகளுடன், பத்து மணிக்குள் திரும்பும்படியாக ஒரு குளத்துக்கு மாணவியரை அனுப்ப வேண்டும். இயற்பியல் கூடத்தில் பூட்டிக் கிடக்கும் பைனாகுலரை வெளியே எடுத்துத் தர வேண்டும். வாசலருகே ஒரு நோட்டுப் புத்தகம் தொங்க வேண்டும். விளையாட்டுத் திடல் மின்கம்பியில் தகைவிலான் முதலில் வந்து அமரும் நாளும், கடைசியாகத் தென்பட்ட நாளும் அதில் ஏறட்டும். யாரேனும் வளையத்தையோ வண்ணப் பட்டையையோ கண்டால் பறவையைத் துரத்தாமல், எந்தக் கால், என்ன நிறம், என்ன எண், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி ஆசிரியையிடம் கொடுக்கட்டும். வனத்துறைக்கும் பம்பாய்ச் சங்கத்துக்கும் அனுப்புவதை இயற்கைக் கழகம் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த ஜனவரியில் நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்போம். பொதுத்தேர்வைக் காட்டி எங்களை எப்படியும் விடமாட்டார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கையருக்காகவே எழுதுகிறோம். கையொப்பமாகாத பதினான்கு கடிதங்களும் விலங்கியல் ஆசிரியையின் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. தேதியை மட்டும் மாற்றினால் போதும்.