ஆளாளுக்கு ஒரு மைனஸ்

மூணு நாள் சார். ஒரு டீ கெட்டிலோட முன்பக்கத்தைத் தேட எனக்கு மூணு நாள் போச்சு.

பக் இதுதான்: கேமுக்குள்ள ஒரு டிவி இருக்கு. அதுல தெரியற கெட்டில் ஒழுங்கா இருக்கு. நேரா பார்த்தா முன்பக்கச் சுவரைக் காணோம், பின்சுவரோட உட்புறம் பல்லைக் காட்டுது.

கேம் படம் வரையறது ஓப்பன்ஜிஎல்ங்கற கிராஃபிக்ஸ் இன்டர்ஃபேஸ் வழியா. அது 1992-ல வந்தது. அதுக்குப் பூஜ்யம் கீழ் இடது மூலை. திரைக்கோ மேல் இடது மூலை. அதனால விண்டோவுல வரையறப்ப டிரைவர் ஒய் அச்சைத் தலைகீழாக்கணும். டெக்ஸ்சருக்குள்ள வரையறப்ப கூடாது. சரி, படத்தைத் திருப்பியாச்சு. படத்துல இருக்கற முக்கோணம்? இடஞ்சுழியா இருந்தது வலஞ்சுழியா ஆயிடும். முன்பக்கம் பின்பக்கமாயிடும், பின்பக்கத்தை வரையாம விடற கல்லிங் அதை வெட்டி எறிஞ்சிடும். அதனால ராஸ்டரைசர் ஸ்டேட்ல எது முன்பக்கம்னு சொல்ற பிட்டையும் கூடவே திருப்பணும். வியூபோர்ட், சிஸர், பாயின்ட் ஸ்பிரைட், ரீட்பிக்சல்ஸ்... எல்லாத்துலயும் இதே தலைவலி.

எங்க டிரைவர் கோட்ல அந்தப் பிட்டைத் திருப்பற லைன் சரியாவே இருந்துச்சு! டெக்ஸ்சர்ல டிவிப் படத்தை வரைஞ்சுட்டு விண்டோவுக்கு வந்தா, ஃபிரேம்பஃபர் மாறிடுச்சுன்னு ராஸ்டரைசருக்கு யாருமே சொல்லல. அதைச் சொல்ற டர்ட்டி பிட்டைப் போடல. அது பாட்டுக்குப் பழைய ஸ்டேட்டை வச்சு வரைஞ்சுட்டு இருந்துச்சு. சரிபண்ண ஒரே ஒரு லைன்.

வயிறு எரியறது அதுக்கில்ல. எனக்கு முன்னாடி மூணு பேர் அந்த ஃபைல்ல கை வச்சிருக்காங்க. ஒருத்தர் ஒரு கேமுக்கு மட்டும் கல்லிங்கை ஆஃப் பண்ணிட்டார். அடுத்தவர் உயரத்துக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டார். மூணாவது ஆள் அந்த மைனஸை ஈடுகட்ட இன்னொரு மைனஸ். கமென்ட்? "இப்ப வேலை செய்யுது." ஏன் வேலை செய்யுதுன்னு ஒரு வரி எழுதினா கை தேஞ்சா போயிடும்?

ஓப்பன்ஜிஎல்லுக்கு அடுத்து 2016-ல வந்த வல்கன்ல ஒய் கீழ்நோக்கிப் போகும். அங்கயும் 1.1-ல இருந்து வியூபோர்ட் உயரத்தை மைனஸ்ல கொடுக்கலாம். ஆனா அது ஸ்பெக்ல எழுத்துல இருக்கு. படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். இங்க யாரைப் போய்க் கேக்கறது? மூணு பேருமே இப்ப டீம்ல இல்ல.

ரெண்டு மைனஸையும் பிடுங்கிட்டு, அந்த ஒரு லைனைப் போட்டு, ஏன்னு நாலு வரி கமென்ட்டும் எழுதி அனுப்பினேன். ரிவியூவுல வந்த முதல் பதில்: "கமென்ட் நீளமா இருக்கு, எடுத்துடுங்க."

எடுக்க மாட்டேன்னு எழுதியிருக்கேன்.