அலமாரியில் ஐந்து மாதம்

குழந்தையின் விளையாட்டுச் சாமான் கெட்டுப்போனால் தகப்பனுக்கு வருத்தம் உண்டாவது உலக வழக்கம். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம் உண்டாயிற்று. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு எழுதக் கை ஓடும்.

சாமான் என்று நான் சொல்வது இரண்டு கைகளுக்குள் அடங்கும் ஒரு வீடியோ கேம் பெட்டி. நடுவில் திரை, இரு பக்கமும் பொத்தான்கள், கட்டைவிரலால் அசைப்பதற்கு இரண்டு குமிழ்கள். இரண்டு வருஷங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த என் மைத்துனர் தம் மருமகளுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அன்றுமுதல் அவள் படிப்புக் கெட்டுவிட்டது என்று நானும், கெடவில்லை என்று அவளும் வாதாடிக்கொண்டிருந்தோம். பரீட்சை மார்க்குகள் அவள் பக்கமே சாட்சி சொல்லின என்பது வேறு விஷயம். உபாத்தியாயர்கள் சாட்சியத்தை மதிப்பது வகுப்பறையில் மட்டுந்தான்.

சென்ற கார்த்திகை மாதத்தில் இடது குமிழுக்குப் பேய் பிடித்தது. விரலை எடுத்த பிறகும் திரையிலுள்ள பொம்மை தானாகவே இடப்புறம் நடந்து போய்ப் பள்ளத்தில் விழும். "அப்பா, ரிப்பேர் பண்ணிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டாள். "ஆகட்டும், அரைப் பரீட்சை முடியட்டும்" என்றேன். முடிந்தது. "பொங்கல் போகட்டும்" என்றேன். அதுவும் போயிற்று. பெட்டி என் அலமாரியின் மேல்தட்டில் வேஷ்டிகளுக்குப் பின்னால் இருந்தது. வீட்டுக் கணக்கு எழுதாமல் வந்து "நாளைக்குக் கொண்டு வருகிறேன் சார்" என்று சொல்லும் பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றுகிறவன் நான். என்னை ஏற்ற ஆள் இல்லை.

சித்திரை மாதம் வீட்டு வரி ரசீது ஒன்றைத் தேடும்போது பெட்டி கைக்கு வந்தது. திரை சட்டத்தைவிட்டு ஒரு பக்கம் மேலே எழும்பியிருந்தது. உள்ளேயிருந்து ஏதோ தள்ளினாற்போல் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் நான்கு திருகாணிகள். ஒன்றின் தலையைச் சுற்றிலும் கீறல்கள். பக்கத்தில், அவளுடைய ஜியோமிதிப் பெட்டியில் இருக்கவேண்டிய கவராயத்தின் முனை ஒன்று ஒடிந்து கிடந்தது. நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள், திறக்க முயன்றிருக்கிறாள், முடியாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். அவள் என்னிடம் கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தேன். தை மாதத்துக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் அயனம்பாக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுங்கள் சார்" என்றார். பன்னிரண்டாயிரம் ஆகுமாம். பணத்தைவிட என்னைத் தடுத்தது என் மகள் சொன்ன ஒரு வார்த்தை: "புதுசு வந்தால் என் ஊர் போய்விடுமே, அப்பா." விசாரித்ததில், இரண்டு வருஷமாக அவள் அந்த விளையாட்டுக்குள் ஓர் ஊர் கட்டி வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. வயல், வாய்க்கால், ஏரிக்கரை எல்லாம் உண்டு. ஏரி நம்முடைய அயனம்பாக்கம் ஏரிதானாம். அந்த ஊர் வேறெங்கும் இல்லை. கெட்டுப்போன அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது. நான் வெறும் விளையாட்டுச் சாமானைப் பூட்டி வைத்ததாக எண்ணியிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் திருமங்கலம் போய், அங்கிருந்து மெட்ரோ ரயிலில் சென்ட்ரல், அங்கே வண்டி மாறி அரசினர் தோட்டம். அதிலிருந்து நடந்தால் மவுண்ட் ரோடை ஒட்டி ரிச்சி தெரு. ஒரு காலத்தில் ரேடியோவுக்கு வால்வும் சுருளும் வாங்கப் பட்டணத்தார் போன இடம். பிறகு டெலிவிஷன், கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்தோடு சரக்கும் மாறிற்று. சந்துக்குள் சந்து. ஒயர்ச் சுருள்களும் பெட்டிகளும் நடைபாதையை அடைத்துக் கிடக்கும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்கவேண்டும். ஒதுங்கினால் எதையாவது வாங்கச் சொல்வார்கள்.

குறுகலான மாடிப்படி ஒன்றில் ஏறி, விசாரித்துக்கொண்டு வந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். பெட்டியை வாங்கியதும் முதலில் மூக்கருகே வைத்து முகர்ந்தார். "பாட்டரி உப்பியிருக்கிறது. இதைச் சார்ஜில் போட்டீர்களா?" என்றார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். லித்தியம் பாட்டரியை முழுக்க நிரப்பி வெக்கையில் வைத்தாலும் கெடும். முற்றும் வற்றவிட்டு மாதக்கணக்காகப் போட்டாலும் கெடும். உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு உண்டாகிப் பை உப்புகிறது. அப்படி உப்பியதைக் குத்தினாலும் நசுக்கினாலும் தீப்பற்றிக்கொள்ளும். கவராயத்தின் முனை என் கண்முன் வந்தது. உடம்பு ஒரு கணம் சில்லிட்டது. வெகுநாள் எடுத்து வைப்பதானால் பாதியளவு சார்ஜோடு வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டுமாம். என் அலமாரி மேற்குச் சுவரை ஒட்டியது.

"ஆரம்பத்திலேயே கொண்டுவந்திருந்தால் குமிழ் ஒன்றை மாற்றி ஐந்நூறோடு அனுப்பியிருப்பேன் சார்" என்றார். குழந்தை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

"பாப்பா, இப்படி வந்து உட்கார்" என்று பக்கத்தில் முக்காலி போட்டார். சாதாரணத் திருப்புளி அந்தத் திருகாணிக்குச் செல்லாது. தலையில் மூன்று சிறகு உண்டு. அதற்கென்று தனித் திருப்புளி. பாட்டரியை ஒட்டியிருந்த பசையைச் சூடு காட்டி இளக்கி, உலோகம் படாமல் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நெம்பி எடுத்து, மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்தார். பிறகு குமிழைக் கழற்றிப் பூதக்கண்ணாடிக்கு அடியில் காட்டினார். அதனடியில் கரி பூசிய சிறு தடம்; அதன்மேல் உராயும் மெல்லிய உலோக விரல். விரல் நிற்கும் இடத்துக்குத் தக்கபடி மின்சாரத்தின் அளவு மாறும். அதைக்கொண்டே யந்திரம் திசையை அறிகிறது. கரி தேய்ந்துபோனால், நிற்பதை நடப்பதாக எண்ணிக்கொள்கிறது. பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வருமே, அந்த வியாதியேதான்.

இந்த வியாதி ஏழை எளிய பெட்டிகளுக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனி 2017-ல் வெளியிட்ட 'ஸ்விட்ச்' என்ற பெட்டியிலும் இதே குறை கிளம்பி, அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டு, 2020-ல் கம்பெனித் தலைவரே வருத்தம் தெரிவிக்கும்படி ஆயிற்று. அதே கம்பெனி 1989-ல் 'கேம் பாய்' என்று ஒன்று விற்றது. அதை உருவாக்கிய குன்பெய் யொகோய், புதிய யந்திர வித்தைகளை நாடாமல், பழகி மலிந்த பொருள்களைக்கொண்டே வேலையை முடிக்கவேண்டும் என்ற கொள்கையுடையவர். வர்ணம் இல்லை, திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளினால் நான்கு பாட்டரிகள், குழந்தையே மாற்றிக்கொள்ளும். அதுவும் அதற்குப் பின் வந்த வர்ணப் பெட்டியுமாகப் பதினொன்றரைக் கோடிக்கு மேல் விற்றன. வளைகுடா யுத்தத்தில் குண்டு வீச்சில் கருகிய கேம் பாய் ஒன்று, மேலோடு உருகியும் ஓடிக்கொண்டிருந்ததை நியூயார்க்கிலுள்ள கம்பெனிக் கடையில் வெகுகாலம் காட்சிக்கு வைத்திருந்தார்கள். இன்றைய பெட்டியில் பாட்டரியைப் பசை போட்டு ஒட்டி, மூடிக்கு மூன்று சிறகுத் திருகாணி போடுகிறார்கள். வாங்கியவன் திறக்கக்கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. ஐரோப்பியர்கள் 2023-ல் சட்டம் செய்து, 2027 பிப்ரவரி முதல் சிறு சாதனங்களின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி அமைக்கவேண்டும் என்று விதித்தார்கள். நம் சர்க்காரும் 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு கமிட்டி அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். கமிட்டியில் குழந்தைகளுக்கு ஓர் ஆசனம் போட்டிருந்தால் ஐந்தாவது துறை ஒன்றும் சேர்ந்திருக்கும்.

பழைய ஜாதிக் குமிழா, காந்தக் குமிழா என்று கேட்டார் இளைஞர். பின்னதில் காந்தமும் அதை உணரும் சில்லும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஆகவே தேய்மானம் இல்லை. எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879-ல் கண்டறிந்த தத்துவம் அது. நான் கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் விட்டது. காந்தக் குமிழே போடச் சொன்னேன். பாட்டரி, குமிழ், கூலி எல்லாமாக இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். ஐந்நூறு போக மிச்சமெல்லாம் என் 'ஆகட்டு'மின் விலை.

பெட்டியை மூடி உயிர்ப்பித்தார். திரை சற்று நேரம் கறுத்தே இருந்தது. குழந்தை மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. பிறகு வயல் வந்தது, வாய்க்கால் வந்தது, ஏரிக்கரையும் வந்தது. கரைமேல் ஒரு பொம்மை நின்றது. ஐந்து மாதமாகத் தானே நடந்து பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்த அது, விரலுக்காகக் காத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

படியிறங்கிப் பாதி வந்தபோது, "அந்த மூன்று சிறகுத் திருப்புளி என்ன விலை இருக்கும், அப்பா?" என்று கேட்டாள்.

"ஆக..." என்று வாய் தொடங்கிவிட்டது. திரும்பி மேலே ஏறினோம். நூற்று ஐம்பது ரூபாய்.