அளவெடுத்துக் கட்டும் குடோன்: தண்ணீர் எங்கே போகும்?

ரெடிமேட் சட்டை வாங்காமல் அளவெடுத்துத் தைப்பதுபோலத்தான் 'பில்ட் டு சூட்' குடோன். லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் முதலில் ஒப்பந்தம் போடும். அதன் தேவைக்கேற்ப உரிமையாளர் கட்டித் தருவார்.

ஏன் இவ்வளவு பெரிதாக? முன்பு மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்க, பல நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் வைத்திருந்தன. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கட்டாயம் போச்சு. நெடுஞ்சாலை ஓரம் பெரிதாக ஒன்று போதும். செங்கல்பட்டு வழியே போகும் ஜிஎஸ்டி சாலைக்கும் வரிக்கும் பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்!

வாடகைதாரர் என்ன கேட்பார்? ரேக்குக்கு ஏற்ற தூண் இடைவெளி, பாரம் தாங்கும் தளம், லாரித் தட்டின் உயரத்துக்கு டாக், தீயணைக்க ஸ்பிரிங்க்ளர். மாமல்லபுரம் பக்கம் என்றால் உப்புக்காற்றில் துருப்பிடிக்காத கூரைத் தகடும் வேண்டும்.

இந்தப் பட்டியலில் மழைநீர் கடைசி வரியாகிவிடக் கூடாது. 1 லட்சம் சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9 லட்சம் லிட்டர் தண்ணீர். வயலாக இருந்தால் ஓரளவு நிலமே குடித்திருக்கும். கூரையும் கான்கிரீட்டும் குடிக்காது. செங்கல்பட்டோ ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஒரு வரத்துக் கால்வாயை அடைத்தாலும் ஏரிக்குத் தண்ணீர் வராது, ஊருக்குள் வரும்.

அதனால் சேமிப்புக் குளமும் வடிகாலும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அனுமதி தருபவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் வாடகைதாரர் கிளம்பிடுவார். பக்கத்து ஊர்க்காரர் எங்கே போவார்?