வாசல் விளக்கு

நியூ ஜெர்ஸியில் எனக்குக் கணக்கு இருக்கும் பாங்கிக்கு அன்று பணம் கட்டப் போயிருந்தேன். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சூனியக்காரி உட்கார்ந்து நோட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கூரான கறுப்புத் தொப்பி, பச்சை மூக்கு. பக்கத்து ஜன்னலில் ஒரு கடற்கொள்ளைக்காரன். பணத்தைக் கொள்ளைக்காரனிடம் கொடுப்பதைவிடச் சூனியக்காரியே மேல் என்று அவள் வரிசையில் நின்றேன். கணக்கில் ஒரு சென்ட் கூடத் தவறவில்லை!

அன்று அக்டோபர் 31. அமெரிக்கர்களின் ஹாலோவீன். 2024-ஆம் ஆண்டில் அதே தேதியில்தான் நம் தீபாவளியும் வந்தது.

எங்கள் தெருவில் பத்து நாளாகவே ஒரே அமர்க்களம். எதிர்வீட்டுப் புல்வெளியில் ஓர் எலும்புக்கூடு நாற்காலி போட்டுக்கொண்டு பத்திரிகை படித்தது. அடுத்த வீட்டுக் கூரையில் ஆள் உயரச் சிலந்தி. படிக்குப் படி, கண்ணும் பல்லும் செதுக்கி உள்ளே விளக்கு வைத்த பரங்கிக்காய்கள். திருஷ்டிப் பூசணியை நாம் உயரே கட்டுகிறோம், இவர்கள் கீழே வைக்கிறார்கள். மற்றபடி முழி ஒன்றுதான்.

எங்கள் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த ஆடியில்தான் ஊரில் என் தாயார் காலமானாள். வருஷம் திரும்பும் வரையில் பண்டிகை கிடையாது.

பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் ஐரிஷ் வம்சம். விஷயத்தைக் கேட்டு, "அப்படியானால் வாசல் விளக்கை அணைத்து விடுங்கள். ஒரு குழந்தையும் தட்டாது" என்றாள். விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக் கூடாது. இங்கே வாண்டுகள் கூட மதிக்கும் சட்டம் இது. அயர்லாந்தில் முன்பெல்லாம் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைப்பார்களாம். 1845-ல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது லட்சக் கணக்கில் கப்பலேறி வந்தவர்களுக்கு, இங்கே கிடைத்த பரங்கிக்காய் பெரிதாகவும் குடைவதற்குச் சுலபமாகவும் இருந்தது. "இன்று ராத்திரி செத்துப் போனவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்பது பழைய நம்பிக்கை" என்றும் சொன்னாள். அதை நான் வீட்டில் வந்து சொல்லியிருக்க வேண்டாம். என் மனைவி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

இருட்டியதும் தெருவெல்லாம் பேய்கள். அப்பாமார் டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் வர, 'ட்ரிக் ஆர் ட்ரீட்!' என்று வீடு வீடாகக் கூச்சல். எங்கள் வாசல் வந்ததும் கூச்சல் அடங்கும். ஓசைப்படாமல் தாண்டிப் போவார்கள். அவர்கள் காட்டிய மரியாதை, சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

படுக்கை விரிப்பைப் போர்த்த நாலு வயசுப் பேய் ஒன்று மட்டும் நின்றுவிட்டது. அம்மா கையைப் பிடித்து இழுத்தும் நகராமல் எங்கள் இருட்டு வாசலையே பார்த்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "உங்கள் அம்மா இருந்தால், வாசலுக்கு வந்த குழந்தையை வெறுங்கையாக அனுப்புவாளா?" என்று சொல்லி விளக்கைப் போட்டாள்.

கொடுக்க என்ன இருக்கிறது? சிநேகிதர்கள் கொண்டுவந்த மைசூர்பாகு இருந்தது. வீட்டுப் பட்சணத்தை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள், கடையில் கட்டிய பொட்டலம்தான் செல்லும். கடலை மிட்டாயோ கூடவே கூடாது. வேர்க்கடலை சில குழந்தைகளின் உயிருக்கே உலை வைத்துவிடும். கடைசியில் என் காப்பிக்குத் துணையாக வாங்கி வைத்திருந்த சின்னப் பிஸ்கோத்துப் பாக்கெட்டுகள் அகப்பட்டன. பேய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

அவ்வளவுதான். விளக்கைக் கண்டு அரை மணியில் முப்பது பேர். பிஸ்கோத்து தீர்ந்தது. மறுநாள் வெறும் காப்பிதான் என்று தெரிந்துவிட்டது.

ஒன்பது மணிக்குத் தெரு ஓய்ந்தது. விளக்கை அணைக்க எழுந்தேன்.

"இருக்கட்டும்" என்றாள் மனைவி.