கைமுதலும் ஜாதி முதலும்

நமது நாட்டில் சிறு தொழிலைப் புகழாதவர் யாருமில்லை. மந்திரிகள் மேடையேறினால் சிறு தொழில்களாலேயே தேசம் பிழைக்கிறது என்கிறார்கள். பாங்கு அதிகாரிகள் ஆண்டுக் கூட்டங்களில் அதையே திருப்பிச் சொல்லுகிறார்கள். ஆனால், ஒரு தறிக்கோ, ஒரு கடைசல் யந்திரத்துக்கோ, ஒரு மாதத்துச் சரக்குக்கோ இரண்டு லட்ச ரூபாய் வேண்டுமென்று ஒரு தொழிலாளி பாங்கின் படியேறுவாரேயானால், அவரை நோக்கிக் கேட்கப்படும் முதல் கேள்வி, "உமக்கு என்ன தொழில் தெரியும்?" என்பதல்ல, "உம் பேரில் என்ன சொத்து இருக்கிறது?" என்பதேயாகும்.

இந்தக் கேள்வி பார்வைக்கு நியாயமாகத்தான் தோன்றும். கொடுத்த பணம் திரும்பி வரவேண்டாமா என்பார்கள். வரவேண்டியதுதான். ஆனால் இந்நாட்டில் சொத்து யார் கையில், எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்தல்லவா பார்க்கவேண்டும்? நிலம் உழுதவன் பேரில் பட்டா இருந்ததா? சேரியில் பிறந்தவனுக்கு அடமானம் வைக்க என்ன இருந்தது? பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 இலும், இந்தியா முழுவதிலும் 2005 இலும்தானே சட்டமாயிற்று? ஆகவே "சொத்தைக் காட்டு, கடன் தருகிறேன்" என்று ஒரு பாங்கு சொல்லும்போது, "உன் பாட்டன் யார் என்று காட்டு" என்றுதான் அது சொல்லுகிறது. இதை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஈடு கேட்கக்கூடாது என்று விதி இல்லையா என்றால், இருக்கிறது. சிறு தொழிலுக்குப் பத்து லட்ச ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு வாங்கக்கூடாதென்று ரிசர்வ் பாங்கு 2010 இலேயே உத்தரவு போட்டிருக்கிறது. ஈடில்லாக் கடனுக்கு ஜவாப்தாரியாக நிற்பதற்கென்றே 2000 ஆம் வருஷத்தில் ஒரு உத்தரவாத நிதியும் ஏற்படுத்தப்பட்டது. அப்படியிருந்தும், அந்த விதியைத் தெரிந்துகொண்டு பாங்குக்குப் போகிறவர் சிலரே. போனாலும், "மேனேஜர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலைப் பெற்றுத் திரும்புகிறவர் பலர்.

பாங்கு கைவிட்டவனுக்கு அடுத்த கதி என்ன? ஜாதிக்காரன் அல்லது தண்டல்காரன், இவ்விருவரில் ஒருவனே.

முதலில் ஜாதி முதலைப் பார்ப்போம். திருப்பூரின் பனியன் தொழில் உலகமறிந்தது. அத்தொழிலில் யாருக்கு எவ்வளவு முதல் கிடைத்தது என்பதை அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2004 இல் வெளியிட்டார்கள். அதில் அவர்கள் கண்டது என்ன? நிலமும் உறவும் உள்ள உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தார் அதிக முதலோடு தொழில் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினார்கள். ஆனால் அந்த வெளியாருடைய உற்பத்தி வேகமாக வளர்ந்து, சில வருஷங்களில் முந்திச் சென்றது. அதாவது, பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போயிற்று. இதில் கவுண்டர் தோழர்கள் மீது நமக்குக் குறையொன்றுமில்லை. தன் பணத்தைத் தனக்குத் தெரிந்தவனிடம் கொடுப்பது யாருக்கும் இயல்பு. தெரியாதவனை அறிந்துகொள்ளுவதற்கு வேறு வழி செய்யாத ஏற்பாட்டின் மீதுதான் நம் குற்றச்சாட்டு.

நாடார் சமூகத்தார் ஒரு காலத்தில் எவ்வளவு இழிவாக நடத்தப்பட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் யாரிடமும் கெஞ்சாமல், விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை என்று சிறு தொகை எடுத்து வைத்துப் பொது நிதி சேர்த்தார்கள். 1921 இல் தூத்துக்குடியில் தங்களுக்கென்று ஒரு பாங்கும் கண்டார்கள். அது இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்காக விளங்குகிறது. தன் கையே தனக்குதவி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஆனால், மகமை எடுக்கக் கடையே இல்லாத ஜாதி என்ன செய்யும்? கணவனை இழந்து தையல் யந்திரத்தோடு நிற்கும் பெண்ணுக்கு எந்த ஜாதி நிதி கைகொடுக்கும்? ஜாதியின் பேரால் கடன் கிடைக்கும் வரையில், ஜாதியை விட்டு வெளியேறுகிறவன் தன் கடன் வசதியையும் விட்டு வெளியேற வேண்டியவனாகிறான். கலப்பு மணம் செய்துகொண்ட வாலிபன் கடை வைக்க முடியாமல் திண்டாடுவதன் ரகசியம் இதுவே.

இனித் தண்டலைப் பாருங்கள். 9,000 ரூபாய் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது ஊரறிந்த வழக்கம். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று கடைக்காரர் நினைக்கிறார். அசல் தினந்தோறும் குறைந்துகொண்டே போகிறதல்லவா? சராசரி அவர் கையிலிருக்கும் கடன் சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் ஆயிரம் என்றால், வருஷத்துக்கு 80 சதவீதத்துக்கு மேலாகிறது! எந்தக் காய்கறி வியாபாரத்தில் இவ்வளவு லாபம் உண்டு? இப்படி உறிஞ்சப்பட்டு நொடித்துப் போனவரிடம், "லட்சுமி கடாட்சம் இல்லை, கிரகம் சரியில்லை" என்று சொல்லிப் பரிகாரத்துக்கும் பணம் பறிக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. கிரகம் என்ன செய்யும்? கணக்கைப் பார்த்தால் காரணம் தெரிகிறது.

அப்படியானால் வேறு வழி என்ன? ஒருவனுடைய பாட்டனையும் பட்டாவையும் பார்க்காமல், அவனுடைய வேலையைப் பார்த்துக் கடன் கொடுப்பதே வழியாகும். இது நடக்காத காரியமல்ல.

முதலாவது, பில்லின் பேரில் பணம். ஒரு சிறு பட்டறைக்காரர் ஒரு பெரிய கம்பெனிக்கு இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்கு அனுப்புகிறார். கம்பெனி மூன்று மாதம் பணம் தராமல் இழுத்தடிக்கிறது. அந்த மூன்று மாதமும் ஏழை பணக்காரனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறான் என்பதுதானே இதன் பொருள்! மெக்சிகோ தேசத்தில் நாசியோனல் பினான்சியேரா என்ற சர்க்கார் பாங்கு 2001 இல் இதற்கொரு பரிகாரம் கண்டது. பெரிய கம்பெனி, "இந்த பில்லுக்கு நான் பணம் தரவேண்டியது உண்மை" என்று ஒப்புக்கொண்டால், பாங்குகள் அந்த பில்லின் பேரில் சிறு தொழிலாளிக்கு உடனே பணம் கொடுத்துவிட்டு, தவணை நாளில் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும். சிறியவனுக்குச் சொத்து இருக்கிறதா என்று பார்க்கவேண்டியதில்லை. பெரியவனுக்கு நாணயம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இந்தியாவிலும் டிரெட்ஸ் என்ற பெயரில் இவ்வேற்பாடு 2017 முதல் நடந்துவருகிறது. வருஷத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரமுள்ள கம்பெனிகள் இதில் சேரவேண்டுமென்று 2024 இல் உத்தரவும் ஆயிற்று. ஆனால் சேர்ந்தால் மட்டும் போதுமா? பில்லை ஒப்புக்கொள்ளவேண்டியதும் அக்கம்பெனிதானே? அதைத் தாமதிக்காமல் செய்யும்படி கட்டாயப்படுத்தவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இரண்டாவது, வரவு செலவின் பேரில் கடன். ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில் 2007 இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணம் வந்தது. பாங்கையே கண்டிராத தெருவோர வியாபாரிக்கும் தன் வரவு செலவுக்கு ஒரு பதிவு கிடைத்தது. 2012 இல் அந்தப் பதிவைப் பார்த்தே ஈடின்றிக் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். மிக நல்ல யோசனைதான். ஆனால் தொடக்கத்தில் 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதம் கட்டணம் வாங்கினார்கள்; வருஷத்துக்கு 90 சதவீதமாகிறது. நம்மூர்த் தண்டல்காரன் சைக்கிளை விட்டுக் கைபேசிக்குள் ஏறிக்கொண்டது போல்தானே ஆயிற்று! கைபேசிக் கடன்காரர்களுக்குக் கென்யாவின் மத்திய பாங்கு 2022 இல் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது.

ஆகையால், "புதிய வழி" என்று பெயர் சொன்னதனாலேயே மயங்கிவிடக் கூடாது. 1989 இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், பெண்கள் தாங்களே சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடாக வளர்ந்தன. பெண்களுக்குக் கையெழுத்துப் போடவும், பாங்கில் நாற்காலியில் உட்கார்ந்து பேசவும் தைரியம் தந்தன. அதே குழு முறையை லாப வேட்டைக்காரர்கள் கைப்பற்றியபோது என்ன ஆயிற்று? ஆந்திராவில் ஒரே குடும்பத்தின் தலையில் நாலைந்து கடனைக் கட்டி, வசூலுக்கு வீட்டு வாசலில் நின்று அவமானப்படுத்தியதில் தற்கொலைகள் நேர்ந்து, 2010 இல் அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. கருவி ஒன்றே. அது யார் கையில், என்ன வட்டியில், எந்தச் சட்டத்துக்கு அடங்கியிருக்கிறது என்பதே கேள்வி.

தோழர்களே, நாம் செய்யவேண்டியது என்ன? வாய்ச்சொல்லில் வியாபாரம் செய்யாதீர்கள். சிறிய தொகையானாலும் பில் போடுங்கள், வரவு செலவைப் பாங்குக் கணக்கின் வழியாக நடத்துங்கள். உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவைத் தொழில் செய்வோருக்கும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் பாங்கு வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்று 2006 ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. தராதவர்கள் மீது சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி ஆகிய ஊர்களிலுள்ள வசதியாக்கல் மன்றங்களில் முறையிடலாம். வாங்கி விற்கும் கடைக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அது அவருக்கும் வேண்டுமென்று கேட்பது நம் கடமை. சீட்டுப் போடுவதானால் பதிவு செய்த சீட்டில் போடுங்கள். எந்தக் கடனிலும் கையெழுத்திடுமுன், வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சர்க்காருக்கும் ஒன்று சொல்லுவோம். ஒவ்வொரு பாங்குக் கிளையும் தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடியினரில் ஒருவருக்கும், பெண் ஒருவருக்குமாவது 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை தொழிற்கடன் தரவேண்டுமென்று 2016 இல் ஒரு திட்டம் வந்து, 2025 மார்ச்சோடு அதன் காலம் முடிந்தது. எந்தக் கிளை கொடுத்தது, எந்தக் கிளை கொடுக்கவில்லை என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டுக் கிளையின் வாசலிலேயே ஒட்டட்டும். ஈடில்லாமல் கேட்டவர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர் என்பதையும் அதில் எழுதட்டும். கணக்கு வெளியே வந்தால்தான் வெட்கம் வரும்; வெட்கம் வந்தால்தான் வேலை நடக்கும்.

கடன் என்பது பிச்சையல்ல. வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறவன் தலைகுனிந்து நிற்கவேண்டிய அவசியமில்லை. பிறப்பைப் பார்த்துக் கோயிலுக்குள் விட்ட காலத்தை எதிர்த்து நின்ற நாம், பிறப்பைப் பார்த்துக் கடன் கொடுக்கும் காலத்தை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்கின்றோம்.